புத்தகக் குறி எத்தனை நாள் உள்ளே இருக்கப்போகிறது?

"ஒரே சமயத்தில் மூன்று நான்கு புத்தகங்கள் படிக்கிறேன். கையில் அகப்பட்டதைச் செருகி வைக்கிறேன், அது விழுந்துவிடுகிறது. அவசரத்தில் பக்கத்தின் மூலையை மடித்தால் திட்டு வாங்குகிறேன். குறி வைத்த பக்கம் கிடைத்துவிட்டாலும் எந்த வரியில் விட்டேன், அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது பிடிபடுவதில்லை. எதைத்தான் வைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய புத்தகங்களைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன் என்பதால் இதைப் பற்றி எனக்குச் சில பிடிவாதமான கருத்துகள் உண்டு. ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மூலை மடிப்பவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை.

மடிப்பவர்கள், மடிக்காதவர்கள் என்று வாசகர்கள் இரண்டு கட்சியாக நின்று சண்டை போடுவதைப் பல காலமாகப் பார்த்துவருகிறேன். இரண்டு கட்சியுமே முதலில் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. நீங்கள் வைக்கும் குறி எத்தனை நாள் அந்தப் பக்கத்தில் இருக்கப்போகிறது? இன்று இரவு வைத்து நாளை காலையில் எடுத்துவிடுவீர்கள் என்றால் ஏறக்குறைய எதை வைத்தாலும் சரிதான். ஒரு மாதம் இருக்கும் என்றால் யோசிக்க வேண்டும். மறந்துபோய் இருபது ஆண்டுகள் கிடந்துவிட்டால், மிக மென்மையான பட்டு நாடாகூடத் தன் வடிவத்தைத் தாளில் பதித்துவிடும். செப்பனிட வரும் புத்தகங்களில் நான் பார்க்கும் கறைகளும் பிளவுகளும் பெரும்பாலும் யாரோ ஒருவர் "நாளைக்குத் தொடரலாம்" என்று வைத்துவிட்டுத் திரும்பி வராததால் உண்டானவை.

இதை என்னைவிட நன்றாகச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தின் டர்ஹாம் ஆயராக இருந்த ரிச்சர்ட் டி பரி, 1345இல் எழுதி முடித்த 'ஃபிலோபிப்ளான்' என்ற லத்தீன் நூலில், புத்தகங்களைக் கையாளத் தெரியாத இளம் மாணவன் ஒருவனைப் போட்டு வறுத்தெடுக்கிறார். அவன் நினைவில் நிற்காத இடங்களுக்கெல்லாம் அடையாளமாக வைக்கோல் துரும்புகளைப் புத்தகம் முழுக்கச் செருகி வைக்கிறானாம். அவற்றைச் செரிக்கப் புத்தகத்துக்கு வயிறு கிடையாது, வெளியே எடுப்பவரும் யாரும் இல்லை. அதனால் முதலில் புத்தகம் மூட முடியாமல் உப்புகிறது, பிறகு துரும்புகள் கவனிப்பாரற்று அங்கேயே மக்கிப்போகின்றன என்கிறார். முதலில் உப்பல், பிறகு மக்கல். புத்தகக் குறி செய்யும் தீங்கு முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். பின்னால் வந்தவர்கள் அதற்கு இரசாயன விளக்கம் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

உப்பலை முதலில் பார்ப்போம். மூடிய புத்தகத்தில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சமமாக அழுந்தி இருக்க வேண்டும். நடுவில் ஒரு பேனாவோ மடித்த கடிதமோ மூக்குக் கண்ணாடியோ இருந்தால், அந்தத் தடிமன் முழுவதையும் புத்தகத்தின் முதுகு தாங்குகிறது. இப்போது வரும் பெரும்பாலான சாதா அட்டைப் புத்தகங்கள் தைக்கப்படுவதில்லை. அச்சிட்ட பெரிய தாளை மடித்த கட்டுகளை, அதாவது ஃபாரங்களை அடுக்கி, முதுகுப் பக்கத்தைச் சீவிவிட்டு, தனித்தனித் தாள்களாக உருகிய பசையில் ஒட்டுகிறார்கள். பெர்ஃபெக்ட் பைண்டிங் என்று பெயர். செப்பனிடுபவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும். அந்தப் பசை பழையதாகும்போது விறைத்துப்போகிறது. ஒரே இடத்தில் தொடர்ந்து விரிந்து நின்றால் அங்கே வெடிப்பு விழும், பிறகு தாள் கழன்று கையோடு வரும். தைத்த புத்தகம் இதைவிடப் பொறுமையானது. ஒரு ஃபாரத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். மடிப்பில் நூல் ஓடுவது தெரிந்தால் தைத்தது.

இதே காரணத்துக்காகப் புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் எழுந்துபோய்விட்டு வர வேண்டும் என்றால் கவிழ்த்து வைப்பதுபோல் எளிதான வழி வேறில்லை. பக்கமும் கிடைக்கும், ஏறக்குறைய வரியும் கிடைக்கும். தைத்த புத்தகம் என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பசையில் ஒட்டிய தடிமனான நாவலை இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தீர்கள் என்றால், மறுநாளிலிருந்து அந்தப் புத்தகம் தானாகவே அந்தப் பக்கத்தில் திறக்கத் தொடங்கும். குறியே தேவைப்படாத நிலை அது. ஆனால் வாழ்நாள் முழுக்க அந்த ஒரு பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, மக்கல். இன்று யாரும் வைக்கோல் வைப்பதில்லை. செய்தித்தாளைக் கிழித்து வைக்கிறார்கள். செய்தித்தாள் மரத்தை அப்படியே அரைத்துச் செய்த கூழிலிருந்து வருவது. மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருளை அதில் பெரும்பாலும் நீக்குவதில்லை. வெளிச்சமும் காற்றும் பட்டு லிக்னின் சிதையும்போது தாள் பழுப்பாகிறது, அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் செய்தித்தாள் துண்டோடு நிற்பதில்லை, இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கங்களுக்கு ஊர்ந்து போகிறது. துண்டை எடுத்த பிறகும் அதே அளவில் ஒரு பழுப்புச் சதுரம் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும். இதைக் கழுவி நீக்குவது எளிதல்ல. சாதாரணப் புத்தகத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியும் ஆகாது. பூவும் இலையும் இன்னும் மோசம். ஈரமும் சாறும் தாளில் இறங்குகின்றன, பூச்சியையும் அழைத்து வருகின்றன. உலர்த்தி, வேறு இரண்டு வெற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்து, அந்தப் பொட்டலத்தைச் செருகினால் பாதகமில்லை. பேப்பர் கிளிப் துருப்பிடிக்கும், தாளைக் கடித்த தடமும் விடும். ரப்பர் பேண்ட் இளகிப் பிசினாகி, பிறகு கல்லாக இறுகி ஒட்டிக்கொள்ளும். இவை இரண்டையும் புத்தகத்தின் அருகிலேயே விடாதீர்கள் என்பதைத் தவிர அவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

இனி மூலை மடிப்பு. தாள் என்பது குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கிடக்கும் நார்களின் படலம். மடித்தால் அந்தக் கோட்டில் சில நார்கள் முறிகின்றன. நிமிர்த்தினாலும் முறிந்தவை சேர்வதில்லை. நார் நீளமாகவும் தாள் புதிதாகவும் இருந்தால் ஒரே இடத்தில் பலமுறை மடித்தாலும் தாங்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு, மரக்கூழில் படிகாரமும் குங்கிலியப் பசையும் சேர்த்துச் செய்த தாள்கள் அப்படித் தாங்காதவை. அவற்றின் உள்ளேயே அமிலம் இருக்கிறது, அது நார்களைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு வேடிக்கை என்னவென்றால், நூலகங்களில் ஒரு புத்தகம் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டதா என்று சோதித்த முறையே மூலையை மடிப்பதுதான். ஒரு தாளின் மூலையை முன்னும் பின்னும் மடித்து, எத்தனையாவது மடிப்பில் ஒடிகிறது என்று எண்ணுவார்கள். வாசகர் செய்தால் குற்றம், நூலகர் செய்தால் பரிசோதனை.

ஆகவே என் தீர்ப்பு இது. புத்தகம் உங்களுடையது, தாள் புதியது, பழுப்பேறவில்லை, அடுத்தவருக்குக் கொடுக்கும் எண்ணமும் இல்லை என்றால், தாராளமாக மடியுங்கள். அந்த மடிப்பு எங்கும் விழாது, தொலையாது, செலவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய பக்கத்தை மடிக்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். படித்து முடிக்கும்போது மேல் மூலை முழுக்கச் சுருண்டு தடித்து நிற்கும். விளிம்பு பழுப்பாக, தொட்டால் பிசிறு உதிர்கிற புத்தகம் என்றால் தொடவே வேண்டாம். இரவல் புத்தகத்தையும் நூலகப் புத்தகத்தையும் பற்றி விவாதமே இல்லை. ஏற்கெனவே ஒடிந்த மூலையை எங்களைப் போன்றவர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளையும் மாவுப் பசையையும் கொண்டு ஒட்டிவிடுவோம். செல்லோடேப் மட்டும் போட்டு எடுத்துவராதீர்கள்.

ஒட்டும் சீட்டு பற்றிக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், ஆனால் அதன் பிறப்பே உங்கள் கேள்வியிலிருந்து வந்ததுதான். 1968இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் மிக வலுவான பசை ஒன்றைச் செய்ய முயன்று, மிக வலுவற்ற ஒன்றைச் செய்து வைத்தார். நுண்ணிய கோளங்களாலான அந்தப் பசை ஒட்டும், ஆனால் உரித்தால் வந்துவிடும். இதை வைத்து என்ன செய்வது என்று சில ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. அதே நிறுவனத்தில் இருந்த ஆர்ட் ஃப்ரை தேவாலயத்தில் பாடகர் குழுவில் பாடுபவர். பாட வேண்டிய பாடல்களுக்குப் பாட்டுப் புத்தகத்தில் அவர் வைத்திருந்த துண்டுத் தாள்கள் திறக்கும்போதெல்லாம் விழுந்துகொண்டிருந்தன. 1974இல் அவருக்குச் சில்வரின் பசை நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நிற்க வேண்டும், கேட்டால் வர வேண்டும், தாளைக் கிழிக்கக் கூடாது. இப்படிப் புத்தகக் குறியாகத் தோன்றியது, குறிப்பெழுதும் சீட்டாக மாறி, 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது.

அவ்வளவு அழகான கண்டுபிடிப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் உரித்த பிறகு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பசைப் படலம் தாளில் தங்கத்தான் செய்கிறது. நாளடைவில் அதில் தூசு படியும். பக்கத்துத் தாளும் மெல்ல ஒட்டத் தொடங்கும். தாள் நலிந்திருந்தால் உரிக்கும்போது அச்செழுத்தும் சேர்ந்து வரும். அதனால்தான் ஆவணக் காப்பகங்களும் அரிய நூல் பிரிவுகளும் இதை உள்ளே விடுவதில்லை. பாடப்புத்தகம், அகராதி, வேலைக்காகப் புரட்டும் கையேடு போன்றவற்றுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. வேலை முடிந்ததும் உரித்துவிட வேண்டும், அதுதான் நிபந்தனை.

சீட்டு விழுகிறது என்ற உங்கள் குறைக்கு மிகப் பழைய தீர்வு, குறியைப் புத்தகத்தோடு கட்டிவிடுவது. டப்ளினில் உள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில், எகிப்தின் சக்காராவுக்கு அருகில் கிடைத்த 6ஆம் நூற்றாண்டுத் தோல் குறி ஒன்று இருக்கிறது. அது அட்டையோடு ஒரு தோல் வாரால் பிணைக்கப்பட்டிருந்தது. இன்றைய பட்டு நாடா அதன் வாரிசு. நாடாவில் பதிப்பாளர்கள் செய்யும் தவறு நீளத்தில். நாடா முதுகின் மேல்முனையில் தொடங்கிப் பக்கத்தின் கீழ் வெளிமூலை வழியாக வெளியே வர வேண்டும், எனவே அது பக்கத்தின் மூலைவிட்டத்தைவிட நீளமாக இருந்தால்தான் பயன். 14க்கு 21.5 செ.மீ. அளவுள்ள புத்தகத்துக்கு மூலைவிட்டம் ஏறக்குறைய 25.7 செ.மீ.; நாடா 28 செ.மீ.யாவது தொங்க வேண்டும். 20 செ.மீ. நாடா வைத்த ஆடம்பரப் பதிப்புகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அலங்காரத்துக்கு வைத்தது என்று அப்பட்டமாகத் தெரிகிறது. நாடா இல்லாத கெட்டி அட்டைப் புத்தகத்தில் நீங்களே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மெல்லிய நாடாவை ஒரு சிறு தாள் துண்டில் ஒட்டி, அந்தத் துண்டை முதுகுக்கும் தாள்கட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இறக்கிவிட்டால் போதும். புத்தகத்தில் பசையே படாது.

இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளில் இதைவிடச் சாமர்த்தியமான ஒரு சாதனம் உண்டு. உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு, அதாவது பக்கம் கிடைக்கிறது, வரி கிடைப்பதில்லை என்பதற்கு, இதுதான் சரியான விடை என்று நினைக்கிறேன். அந்தப் பிரதிகளில் பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசையாக எழுதுவது வழக்கம்; திறந்து வைத்தால் கண்ணுக்கு முன் நான்கு நெடுவரிசைகள் இருக்கும். புத்தகத்திலிருந்து தொங்கும் கயிற்றில் தோலால் ஆன ஓர் உறை, அதற்குள் சுழலும் சிறு வட்டு. வட்டில் ஒன்று முதல் நான்கு வரை ரோமன் எண்கள். வாசிப்பை நிறுத்தும்போது கயிற்றைப் பக்கத்தில் போட்டு, உறையை விட்ட வரியின் உயரத்துக்கு நகர்த்தி, வட்டைச் சுழற்றி எந்த நெடுவரிசை என்று காட்டி வைப்பார்கள். கயிறு பக்கத்தைச் சொல்கிறது, உயரம் வரியைச் சொல்கிறது, எண் நெடுவரிசையைச் சொல்கிறது. இன்றைய அழகழகான அட்டைக் குறிகள் எதுவும் இந்த மூன்றில் முதல் ஒன்றைத் தாண்டுவதில்லை.

நீங்கள் வட்டெல்லாம் செய்ய வேண்டாம். நான்கு செ.மீ. அகலத்தில் ஒரு வெற்றுத் தாள் துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். அதை மேலிருந்து தொங்கவிடாமல், பக்கவாட்டிலிருந்து, முதுகைத் தொடும்வரை படுக்கை வசமாகச் செருகுங்கள். அதன் மேல்விளிம்பு நீங்கள் படித்து முடித்த வரியின் அடியில் நிற்கட்டும். இடப்பக்கமா வலப்பக்கமா என்ற குழப்பத்துக்குத் துண்டின் ஒரு முகத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, புள்ளி உள்ள முகம் தொடர வேண்டிய பக்கத்தைப் பார்ப்பதுபோல் வையுங்கள். முதுகுவரை போவதால் விழாது, மெல்லிய தாள் என்பதால் உப்பாது. இன்றைய நகலெடுக்கும் தாளில் பெரும்பாலும் சுண்ணாம்புப் பொருள் கலந்திருப்பதால் அமிலப் பயமும் குறைவு. பின்குறிப்புகள் எல்லாம் கடைசியில் குவிந்து கிடக்கும் ஆய்வு நூல் என்றால் இரண்டு துண்டுகள் வையுங்கள், ஒன்று உரைக்கு, மற்றொன்று குறிப்புகளுக்கு. இந்த இரண்டாவது துண்டை ஏன் ஒருவரும் வைப்பதில்லை என்பது எனக்குப் புரியாத புதிர்.

மேலுறையின் மடிப்பைக் குறியாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. முதல் நூறு பக்கம்வரை சரி, அதற்குமேல் உறை இழுபட்டு மடிப்பில் கிழியும். காந்தக் குறிகள் விழுவதில்லை, ஆனால் மெல்லிய தாளில் அழுத்தத் தடம் விடும். மூலையில் மாட்டும் காகிதப் பை குழந்தைகளுக்கு நல்லது. பரிசுக் கடைகளில் விற்கும் பட்டுக் குறிகளின் பின்னால் ஒரு சிறு வரலாறு இருக்கிறது. 1860இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தால் பிரெஞ்சுப் பட்டு வரியின்றி வந்து இறங்க, கவென்ட்ரி நகரத்தின் நாடா நெசவு படுத்துவிட்டது. பிழைக்க வழி தேடிய தாமஸ் ஸ்டீவன்ஸ் என்ற நெசவாளர் 1862 வாக்கில் ஜக்கார்டு தறியில் படமும் வாசகமும் நெய்த புத்தகக் குறிகளைத் தயாரித்து விற்றார். இன்று அவற்றைச் சேகரிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் அவற்றைப் புத்தகத்தில் வைப்பதில்லை.

பக்க எண்ணை நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு ஒரு சொல். அச்சிட்ட புத்தகத்தில் தாளுக்கு எண் போடும் வழக்கம் 1470இல் கொலோன் நகரில் ஆர்னால்ட் டெர்ஹோர்னன் என்ற அச்சகர் வெளியிட்ட ஒரு சிறு நூலில் தொடங்குகிறது. கையெழுத்துப் பிரதிகளிலும் நம் ஓலைச்சுவடிகளிலும் ஏட்டுக்கு எண் இட்டிருப்பார்கள்; அது பெரும்பாலும் அடுக்கைக் காப்பதற்கு. பக்க எண் ஒரு பதிப்புக்கு மட்டுமே உரியது. வேறு பதிப்பைக் கையில் எடுத்தால் பயனில்லை. குறள் எண்ணைச் சொன்னால் எந்தப் பதிப்பிலும் கிடைப்பதும், பிளேட்டோவை இன்றும் 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் எண்களைக் கொண்டு மேற்கோள் காட்டுவதும் இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான். உரைநடை நாவலுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. அத்தியாய எண்ணும் பத்தியின் முதல் சில சொற்களும் ஓரளவு அந்த வேலையைச் செய்யும்.

அத்தியாயம் என்றதும் ஹென்றி ஃபீல்டிங் நினைவுக்கு வருகிறார். 1742இல் வெளிவந்த 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' நாவலில், நூலை ஏன் பகுதிகளாகவும் அத்தியாயங்களாகவும் பிரிக்கிறோம் என்று விளக்க ஓர் அத்தியாயத்தையே ஒதுக்குகிறார். அத்தியாய இடைவெளியைப் பயணி இளைப்பாறும் விடுதியோடு ஒப்பிடுகிறார். கூடவே ஒரு குறும்பு: அரை மணி நேரம் எழுந்துபோனாலே விட்ட இடத்தை மறந்துவிடுகிற வாசகர்கள் தாளை மடித்துப் புத்தகத்தின் அழகைக் கெடுப்பதை அத்தியாயப் பிரிவு தடுக்கிறதாம். கேலிதான், ஆனால் உள்ளே உண்மை இருக்கிறது. எதை வைத்துக் குறிக்கிறோம் என்பதைவிட எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பது பெரிய விஷயம். தூக்கம் கண்ணை இழுக்கும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினால் எந்தக் குறியாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. கடைசி இரண்டு பக்கங்களை நீங்கள் உண்மையில் படிக்கவே இல்லை.

அத்தியாய முடிவில் நிறுத்துவதுதான் சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே நிறுத்தினால் பக்கம் எளிதில் கிடைக்கும், ஆனால் அடுத்த அத்தியாயம் வேறு ஊரில் வேறு ஆட்களோடு தொடங்கும். திரும்பி வரும்போது பிடித்து ஏற எதுவும் இருக்காது. ஒரு காட்சிக்குள், ஒரு பத்தி முடிகிற இடத்தில், யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பது தெளிவாக இருக்கும்போது நிறுத்துவது எனக்கு ஒத்துவருகிறது. வாதம் செய்கிற கட்டுரை நூலுக்கு இதற்கு நேர்மாறாக, வாதம் ஒரு படி முடிந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.

நான்கு புத்தகங்களை மாற்றி மாற்றிப் படிப்பவர் நீங்கள். உங்களுக்கு இன்னும் ஒரு படி தேவை. அதே தாள் துண்டில், வெளியே தெரியும் முனையில் தேதியையும், உள்ளே ஒரே ஒரு வரியையும் எழுதுங்கள். "அண்ணனுக்குக் கடிதம் வந்துவிட்டது, இவளுக்கு இன்னும் தெரியாது." "இரண்டாவது காரணம் முடிந்தது, மூன்றாவதை இவர் ஏற்கவில்லை என்று தோன்றுகிறது." இவ்வளவு போதும். கதைச் சுருக்கம் எழுதப் போனால் மூன்றாம் நாள் சலித்துவிடும். நிறுத்தும்போது தாளில் இடம் பார்த்து அடுத்த வரியை எழுதுங்கள். ஒரு துண்டு நிரம்பினால் அடுத்ததை எடுங்கள், பழையதைக் கடைசி அட்டைக்குள் வையுங்கள். எழுதுவது பென்சிலாக இருக்கட்டும். பேனா மை பக்கத்தில் படியும்.

புத்தகத்தின் ஓரத்திலேயே பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைப்பதும் நல்ல முறைதான். மென்மையான பென்சில், மெல்லிய அழுத்தம். பின்னால் அழிக்க வேண்டுமென்றால் தடமில்லாமல் போகும். விட்ட இடத்தைக் குறிப்பதற்கும் பிடித்த இடத்தைக் குறிப்பதற்கும் ஒரே குறியைப் பயன்படுத்தாதீர்கள். மடித்த மூலைகள் பத்து இருக்கும், எது நேற்று நிறுத்தியது, எது மேற்கோளுக்காக மடித்தது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

காகிதப் புத்தகத்தில் நமக்குத் தெரியாமலேயே இன்னொரு குறியும் வேலை செய்கிறது. 1971இல் எர்ன்ஸ்ட் ராத்காப்ஃப் என்ற உளவியலாளர், வாசகர்கள் தாங்கள் படித்த செய்தி பக்கத்தின் எந்தப் பகுதியில், உரையின் எந்த இடத்தில் இருந்தது என்பதை, நினைவில் வைக்கும் நோக்கமே இல்லாமல் ஓரளவு நினைவில் வைத்திருப்பதைச் சோதனையில் காட்டினார். "இடப்பக்கம், மேலே, பாதிப் புத்தகத்துக்குச் சற்று முன்னால்" என்று நாம் தேடிப் பிடிப்பது இதனால்தான். சீட்டு விழுந்துவிட்டால் பதற்றப்படாமல் இந்த நினைவை நம்பிப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சில பக்க வித்தியாசத்தில் வந்து சேர்வீர்கள்.

மின்னூலில் இந்தத் துணை கிடையாது. எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் வரிகள் எல்லாம் இடம் மாறிவிடும். இடப்பக்க மேல்மூலை என்று ஒன்றே அங்கே இல்லை. அதற்கு ஈடாகக் கருவி தானே இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. 2007இல் வந்த கிண்டில் பக்க எண்ணுக்குப் பதிலாக இட எண்களைப் பயன்படுத்தியது. அச்சுப் பதிப்பின் பக்க எண்கள் 2011இல்தான் சேர்ந்தன. கருவிகளுக்கு இடையே இடத்தை ஒத்திசைக்கும் வசதியில் ஒரு வில்லங்கம் உண்டு. அது பல நேரம் நீங்கள் எட்டிய மிகத் தொலைவான பக்கத்தையே விட்ட இடமாகக் கொள்கிறது. கடைசியில் உள்ள குறிப்பைப் பார்க்க ஒருமுறை தாவிவிட்டீர்கள் என்றால், அடுத்த கருவி உங்களை நூலின் வாலுக்கு அழைத்துப் போகப் பார்க்கும். தாவுவதற்கு முன் கையால் ஒரு குறி போட்டுவிடுங்கள். ஒலிநூலில் உறங்கும் நேரத்துக்கான நிறுத்தியைப் போட்டு, மறுநாள் பத்து நிமிடம் பின்னால் போய்த் தொடங்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பழைய ஒலிநாடா இதில் நேர்மையானது. நிறுத்திய இடத்திலேயே நிற்கும். தோல் சுருள்களும் அப்படித்தான். சுருளை விட்ட இடத்திலேயே இருபுறமும் சுருட்டி வைத்தால் குறி தேவையில்லை. அந்தக் காரணத்தால் யூத வழிபாட்டில் ஒரே நாளில் இரண்டு வேறு பகுதிகளை வாசிக்க வேண்டியிருந்தால், சபையைக் காக்க வைக்காமல் இருக்க, இரண்டு தோரா சுருள்களை முன்கூட்டியே அந்தந்த இடத்துக்குச் சுருட்டி வைப்பது உண்டு. ஏடுகளை அடுக்கித் தைத்த நூல் வடிவம் வந்த பிறகுதான் இடம் தொலைவது ஒரு பிரச்சினையாயிற்று. 386இல் மிலான் நகரத் தோட்டத்தில் பைபிளில் உள்ள பவுலின் திருமுகத்தை எடுத்துப் படித்த கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டின், விரலையோ வேறு ஏதோ ஓர் அடையாளத்தையோ இடையில் வைத்து நூலை மூடியதாக எழுதுகிறார். எதை வைத்தார் என்பது அவருக்கே நினைவில்லை. ஆனால் நண்பர் அலிப்பியஸ் கேட்டதும் அதே இடத்தைத் திறந்து காட்டினார், நண்பர் அதற்கு அடுத்த வரியிலிருந்து படித்தார். சில நிமிடம் நிற்க வேண்டிய குறிக்கு விரலே போதும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பாதியில் விட்டு நெடுநாள் ஆன புத்தகங்கள் உங்களிடம் நிச்சயம் இருக்கும். இன்றே அவற்றை எடுத்து, உள்ளே இருக்கும் துண்டு, டிக்கெட், கடிதம், பணம் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கடைசி வெற்றுத் தாளில் பென்சிலால் அத்தியாய எண்ணையும் பக்க எண்ணையும் மாதத்தையும் எழுதிவிட்டுப் புத்தகத்தை நேராக அடுக்குங்கள். மீண்டும் படிக்க எடுக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து தொடங்காமல், அந்த அத்தியாயத்தின் தொடக்கத்திலிருந்து படியுங்கள். ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் முதல் பக்கத்திலிருந்து.